களஞ்சியமும் கைப்பிடியும்

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கூடலூருக்கு அப்பால், கேரள எல்லையை ஒட்டிப் பந்தலூர் என்னும் ஊர் இருக்கின்றது. உதகையைக் காணச் செல்வோருள் பலர் இவ்வூரின் பெயரையும் அறியார். தென்மேற்குப் பருவமழை இங்கே கொட்டித் தீர்க்கும். ஆண்டில் சில மாதங்கள் மலைமுகடுகள் முகிலுக்குள்ளேயே மறைந்திருக்கும். சரிவெல்லாம் தேயிலை, பள்ளத்தாக்குகளில் வயலும் வாழையும், எஞ்சிய இடங்களில் காடும் யானையும். இவ்வூருக்கும் அண்டையிலுள்ள தேவாலாவுக்கும் இடைப்பட்ட குன்றுகளின் வயிற்றில், மனிதர் குடைந்த சுரங்கங்கள் இருண்டு கிடக்கின்றன. பொன் தேடிக் குடைந்தவை அவை.

பொருளாசையைப் பற்றியும், ஈகையைப் பற்றியும், மெய்யான செல்வம் யாது என்பதைப் பற்றியும் கிறிஸ்து சமயம் கூறுவதை விளக்க முற்படும் இப்பேச்சினை அச்சுரங்க வாயிலிலிருந்து தொடங்குகிறேன். நற்செய்தி நூல்களில் வரும் உவமைகளைப் பலகாலும் கேட்டுப் பழகிய காதுக்கு அவற்றின் கூர்மை மழுங்கிப் போகின்றது. நம் மலையில் நடந்த ஒரு நிகழ்ச்சியை அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அக்கூர்மை ஒருவாறு மீளக்கூடும்.

இப்பகுதியில் பொன் உண்டு என்பது வெள்ளையர் கண்டுபிடித்த செய்தி அன்று. பணியரும் குறும்பரும் நெடுங்காலமாக ஓடை மணலை மரத்தட்டில் அலசிப் பொற்றுகள் எடுத்து வந்தனர். அத்துகள் அவர்களுக்குச் சொந்தமாகவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிலத்தோடு நிலமாகப் பிணைக்கப்பட்டிருந்த அம்மக்களின் உழைப்பு நிலக்கிழாருக்கே உரியதாக இருந்தது. 1831ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஓர் இராணுவ அதிகாரியை அனுப்பி ஆராய்ந்து பார்த்தனர்; பெரும்பயன் விளையாது என்று கண்டு விட்டுவிட்டனர். பிறகு வந்தது காப்பிப் பயிர். 1870ஆம் ஆண்டை ஒட்டிக் காப்பிச் செடியை இலைநோய் பற்றிக்கொண்டது. தண்டு துளைக்கும் வண்டும் அதனோடு சேர்ந்துகொண்டது. தோட்ட முதலாளிகள் கடனில் ஆழ்ந்தனர். இந்நிலையில்தான் மக்கள் நினைவு மறுபடியும் பொன்னின் பக்கம் திரும்பியது.

1877இல் தென்கிழக்கு வயநாடு மலபார் மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்டு நீலகிரியோடு இணைந்தது. 1879இல் இந்திய அரசாங்கத்தார் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து பிரவ் ஸ்மித் என்னும் சுரங்க வல்லுநரை அழைத்து ஆராயச் செய்தனர். 1880இல் அவர் அளித்த அறிக்கை நம்பிக்கை ஊட்டுவதாக இருந்தது. அது போதும்! லண்டன் பங்குச் சந்தையில் பந்தலூர், தேவாலா என்னும் பெயர்கள் வாய்க்கு வாய் உலாவின. ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் அங்கு முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் தோன்றின. அவற்றின் பெயரளவு மூலதனம் 40 லட்சம் பவுண்டைத் தாண்டியது. காட்டிடையே இருந்த பந்தலூர் திடீரென நகரத்தின் தோற்றம் பூண்டது. நிலம்பூர்ப் பக்கமிருந்து மலைப்பாதை வழியே பாறை நொறுக்கும் கனத்த எந்திரங்கள் ஏறி வந்தன. பாறையில் பொன் எவ்வளவு உண்டு என்று உறுதிப்படு முன்னரே எந்திரம் வாங்கினார்கள் என்பதே இக்கதையின் உயிர்நிலை.

மண்ணின் இயல்பையும் சிறிது சொல்லிவிடுகிறேன். மழையும் காற்றும் அரித்த மேற்பரப்பில் பாறை சிதைந்து கரைந்துவிட, பொன் மட்டும் மீந்து திரண்டு நிற்கும். அங்கே எடுத்த கல்லைச் சோதித்தவர் வியந்தனர். ஆழம் செல்லச் செல்லப் பொன் நொய்யாகிக் கந்தகம் சேர்ந்த கனிமங்களுக்குள் சிக்கிக் கிடந்தது. பாதரசத்தைக் கொண்டு அதனைப் பிரிப்பது அரிதாயிற்று. ஒரு டன் கல்லை நொறுக்கினால் செலவுக்கும் கட்டாத சில குன்றிமணி எடைப் பொன்னே கிடைத்தது. 1882ஆம் ஆண்டளவில் ஆரவாரம் அடங்கத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைந்தன. எந்திரங்கள் மழையில் நனைந்து துருவேறின. பூச்சி அரிப்பதும் துரு தின்பதும் ஆகிய மண்ணுலகச் செல்வத்தைப் பற்றி இயேசு தம் மலைப்பொழிவில் பேசியதை இங்கே உவமையாகக் கொள்ள வேண்டுவதில்லை. பந்தலூரில் அது கண்கண்ட காட்சியாயிற்று.

ஆயினும் அக்காலத்தில் எல்லோரும் நட்டப்பட்டனர் என்று எண்ண வேண்டா. கம்பெனிகளைத் தோற்றுவித்தவர்கள் பொன் எடுத்து விற்கவில்லை, நம்பிக்கையை விற்றார்கள். நோயால் பட்டுப்போன காப்பித் தோட்டம் ‘பொன் விளையும் நிலம்’ என்னும் பெயரோடு பன்மடங்கு விலைக்குக் கைமாறியது. பங்குதாரர் செலுத்திய பணத்தில் பெரும்பகுதி பாறைக்குள் இறங்கவேயில்லை; நிலம் விற்றவர் கையிலும் தரகர் கையிலும் தங்கிவிட்டது. பந்தலூர் எத்திசையில் உள்ளது என்றே அறியாத எத்தனையோ எளிய சேமிப்பாளர்கள் அப்பங்குகளை வாங்கியிருந்தனர்.

இதுவரை கேட்டவர், “பேராசை பெருநட்டம், இதைத்தானே கிறிஸ்து சமயமும் சொல்கிறது?” என்று முடிவு கட்டிவிடக்கூடும். அவ்வாறு முடிவு கட்டுவதைத் தடுப்பதற்காகவே இப்பேச்சு.

ஏனெனின், அதே ஆண்டுகளில் மைசூர் நாட்டுக் கோலாரிலும் பொன்வேட்டை நடந்தது. அங்கும் தொடக்கத்தில் ஏமாற்றமே. பங்குதாரர் கைவிட இருந்த வேளையில் வளமான நாளம் ஒன்று அகப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ 120 ஆண்டுகள் கோலார் பொன்னைத் தந்தது. 2001இல் மூடப்படும் வரையில் 800 டன்னுக்கு மேல் எடுத்ததாகக் கணக்குக் கூறுவர். பேராசைக்கு நட்டமே தண்டனை எனின், பந்தலூரில் தோன்றிய ஆசை தீயது, கோலாரில் தோன்றிய அதே ஆசை நல்லது என்றாகிவிடும். அப்படியானால் அறம் என்பது பாறையின் குணத்தைப் பொறுத்ததாகிவிடுமன்றோ?

லூக்கா எழுதிய நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் வரும் உவமையை இந்த ஐயத்தோடு அணுக வேண்டும். அவ்வுவமை எழுந்த சூழ்நிலையே சுவையானது. திரளாகக் கூடியிருந்த மக்களிடையிலிருந்து ஒருவன் இயேசுவை நோக்கி, தன் தமையன் பிதிரார்ச்சிதத்தில் தனக்குரிய பங்கைத் தர மறுக்கிறான் என்றும், அவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்றும் முறையிடுகிறான். இன்றைய முன்சீப் கோர்ட்டில் நிற்கும் வழக்குகளுள் பாதி இத்தகையனவே! இயேசு நடுவராக இருக்க மறுத்துவிட்டு ஒரு கதை சொல்கிறார்.

செல்வன் ஒருவனுடைய நிலம் நன்றாக விளைந்தது. கவனிக்க: அவன் எவரையும் ஏமாற்றவில்லை, கூலியைப் பிடித்துக்கொண்டதாகவும் கதை சொல்லவில்லை. விளைச்சல் மிகுந்துவிட்டது, வைக்க இடமில்லை. பழைய களஞ்சியங்களை இடித்துப் பெரியனவாகக் கட்டுவது, தானியமெல்லாம் சேர்த்து வைப்பது, பல்லாண்டு உண்டு குடித்து மகிழ்ந்திருப்பது என்று திட்டமிடுகிறான். அன்றிரவே அவன் உயிர் கேட்கப்படுகிறது. சேர்த்தது யாருக்கு என்னும் வினாவோடு கதை நின்றுவிடுகிறது.

இச்செல்வன் பந்தலூர்ப் பங்குதாரன் அல்லன், கோலார்ப் பங்குதாரன். அவன் தோற்கவில்லை, வென்றவன். அவன் களஞ்சியம் இடிந்து விழவில்லை, அந்து அரிக்கவில்லை. ஆகவே நட்டத்தைக் காட்டி அச்சுறுத்தும் கதை இதுவன்று. பின் அவனை மதிகெட்டவன் என்பானேன்? சாவு வந்ததற்காகவா? சாவு ஈகையாளனுக்கும் வரும்.

அவன் பேச்சை உற்றுக் கேட்டால் விடை புலனாகும். அவன் பேசுவதெல்லாம் தன்னோடு மட்டுமே. என் விளைச்சல், என் களஞ்சியம், என் பொருள், என் உயிர் என்று ‘என்’ என்பதே திரும்பத் திரும்ப வருகின்றது. உழுதவன், அறுத்தவன், மழை, அண்டை வீட்டான், மனைவி மக்கள் ஒருவரும் அவன் சிந்தனையில் இல்லை. இத்துணை விளைச்சலை என் செய்வது என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்கிறான். வாசலுக்கு வெளியே நின்று ஒருவன் அதற்கு விடை சொல்லக்கூடும் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. இயேசு குறைகூறுவது செல்வத்தின் அளவை அன்று; அந்த வாசல் சாத்தப்பட்டிருப்பதை.

உவமைக்கு முன் அவர் எச்சரிக்கும் குற்றத்திற்குக் கிரேக்க மூலத்தில் வழங்கும் சொல் ‘பிளியோனெக்சியா’ என்பது. ‘மேலும்’ என்ற பொருளும் ‘வைத்திருத்தல்’ என்ற பொருளும் கூடிய தொடர்ச்சொல் அது. வறியவன் ஒரு வேளைச் சோற்றுக்கு ஏங்குவது பிளியோனெக்சியா ஆகாது. உண்டவன் மேலும் வேண்டும் என்று ஏங்குவதே அது. தேவைக்கு எல்லை உண்டு. ‘மேலும்’ என்பதற்கு எல்லை இல்லை. பவுல் அடிகள் கொலோசையருக்கு எழுதுகையில் இதனை விக்கிரக வணக்கத்தோடு ஒன்றாக வைத்துப் பேசுகிறார். இயேசுவும், செல்வத்தைக் குறிக்கும் ‘மாமோன்’ என்ற அரமேயச் சொல்லை ஓர் எசமானனின் பெயர் போலவே வழங்கினார். நற்செய்தியாளர்கள் அச்சொல்லைக் கிரேக்கத்தில் பெயர்க்காமல் அப்படியே விட்டனர். செல்வம் வேலைக்காரனாய் இருந்து எசமானனாக மாறும் தருணத்தை அச்சொல் சுட்டுகின்றது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் தீமைகளுக்கு வேராகச் சொல்வது பணத்தை அன்று, பணத்தின் மேல் வைத்த ஆசையை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு தப்பிக்க முயன்றோரும் உளர். நித்திய வாழ்வுக்கு வழி கேட்டு வந்த இளஞ்செல்வனிடம், உடைமைகளை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வரும்படி இயேசு கூறியதும், அவன் வருந்திச் சென்றதும் நாம் அறிந்ததே. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த கிளமெந்து என்னும் ஆசிரியர், எந்தச் செல்வன் ஈடேறுவான் என்பதையே பொருளாகக் கொண்டு ஒரு நூல் இயற்றினார். விற்க வேண்டியது உடைமையை அன்று, உள்ளத்திலுள்ள பற்றையே என்பது அவர் கருத்து. எல்லோரும் ஆண்டியாகிவிட்டால் பசித்தவனுக்குச் சோறிடுவோர் யார் என்றும் அவர் வினவுகிறார். நியாயமான கேள்வியே. ஆனால் ‘பற்றை விட்டுவிட்டேன்’ என்று சொல்லிக்கொண்டே பத்திரங்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது மிக எளிது. கிளமெந்து சொன்னது வழி. அவ்வழியில் ஒளிந்துகொள்ள இடமும் உண்டு என்பது என் எண்ணம்.

அந்த ஒளிவிடத்தை இடித்தவர் பசிலியார். நான்காம் நூற்றாண்டில் கப்பதோக்கிய நாட்டுச் செசரியா நகரில் இருந்த இவர் காலத்தில், 368, 369ஆம் ஆண்டுகளை ஒட்டிக் கொடிய பஞ்சம் வந்தது. வணிகர் தானியத்தைப் பதுக்கி விலையேற்றினர். பசிலியார் லூக்காவின் களஞ்சிய உவமையையே எடுத்துக்கொண்டு பேசினார். பெட்டியில் மட்கும் ஆடை ஆடையற்றவனுக்கு உரியது, அடுக்கில் காயும் அப்பம் பசித்தவனுக்கு உரியது என்பது அவர் வாதத்தின் சாரம். கொடுக்காதிருப்பது கருமித்தனம் மட்டுமன்று, ஒருவகைக் களவு. பேசியதோடு அவர் நிற்கவில்லை. தம் குடும்பச் சொத்தை விற்றார்; அடைத்த களஞ்சியங்களைத் திறக்கச் செய்தார்; நகர மக்களைக் கூட்டிக் கஞ்சி வார்த்தார். பின்னர் நோயாளருக்கும் வழிப்போக்கருக்கும் ஏழைகளுக்கும் அவர் அமைத்த இல்லங்களின் தொகுதி அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

‘கொடுப்பது’ என்ற சொல்லே போதுமா என்னும் வினாவும் இதனால் எழுகிறது. எரிகோ நகரத்து ஆயக்காரனாகிய சகேயுவின் வரலாற்றில் இதற்கு விடை உண்டு. வரி வசூலித்துக் கொழுத்த அவன் இயேசுவைத் தன் வீட்டில் ஏற்றபோது இரண்டு செய்கைகளை அறிவிக்கிறான். தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்கு அளிப்பது ஒன்று. அநியாயமாகப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருவது மற்றொன்று. முன்னது ஈகை, பின்னது நீதி. இவ்விரண்டையும் அவன் கலக்கவில்லை. பறித்த பொருளில் ஒரு பகுதியைத் தருமமாகக் கொடுத்துப் புகழும் பெற்றுக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டிலும் இல்லாததன்று. அதற்குச் சகேயுவின் வீட்டில் இடமில்லை. பந்தலூர்க் கணக்கை அவனிடம் காட்டியிருந்தால், முதலில் ஓடை மணலை அலசிய பணியனுக்கும் குறும்பனுக்கும் எவ்வளவு தரவேண்டும் என்றே கேட்டிருப்பான். முப்பது கம்பெனிகளின் பேரேடுகளில் அதற்கு ஒரு பத்தி திறக்கப்பட்டிருக்குமா?

இனி, ஈகையின் அளவு. எருசலேம் ஆலயத்தில் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே இயேசு அமர்ந்திருந்தபோது செல்வர் பெருந்தொகை இட்டனர். ஏழைக் கைம்பெண் ஒருத்தி இரண்டு சிறு காசுகளை இட்டாள். எல்லோரினும் அவளே மிகுதியாக இட்டாள் என்று இயேசு கணக்கிட்டார். மற்றவர் இட்டது மீந்ததிலிருந்து. அவள் இட்டது பிழைப்பிலிருந்து. கொடுத்ததை அளக்காமல், கொடுத்தபின் கையில் நின்றதை அளக்கும் கணக்கு இது. வள்ளுவரும் ஈகைக்கும், வெஃகாமைக்கும், நன்றியில் செல்வத்திற்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தவரே. எனவே தமிழருக்கு இக்கருத்து அயலானதன்று.

ஆனால் இக்கைம்பெண்ணைக் காட்டி ஏழைகளிடம் காணிக்கை பிரிக்கப் புறப்படுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். மாற்கு எழுதிய நற்செய்தியில் இந்நிகழ்ச்சிக்குச் சற்று முன்னர், கைம்பெண்களின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட செபம் செய்யும் வேதபாரகரை இயேசு கடிந்துகொள்கிறார். அவள் கொடுத்தது பெருமைக்குரியது. அவளை அந்நிலைக்குக் கொண்டுவந்த அமைப்புப் பெருமைக்குரியதன்று. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பவுல் இதனை நன்கு உணர்ந்திருந்தார். எருசலேமில் வறுமையுற்றிருந்த சகோதரருக்காக அவர் கிரேக்க நாட்டுச் சபைகளில் பொருள் திரட்டினார். மக்கெதோனியர் தாமே கொடிய வறுமையில் இருந்தும் திராணிக்கு மிஞ்சிக் கொடுத்ததைச் சுட்டிக் கொரிந்தியரைத் தூண்டுகிறார். ஆயினும் ஒருவர் சுமை இறங்க மற்றவர் சுமைப்பட வேண்டும் என்பது தம் கருத்தன்று என்றும், சமநிலையே குறிக்கோள் என்றும் தெளிவுபடுத்துகிறார். கட்டாயத்தால் கொடுப்பது ஈகை ஆகாது என்பதும் அவர் முடிவு. அப்போஸ்தலர் நடபடிகளில் அனனியா தண்டனை பெற்றதும் நிலத்தின் விலையில் ஒரு பங்கை வைத்துக்கொண்டதற்காக அன்று. முழுவதையும் கொடுத்ததாக நடித்ததற்காக. திரட்டிய பணத்தைத் தாம் ஒருவரே எடுத்துச் செல்லாமல், பிறர் குறைகூற இடமின்றி, சபைகள் தேர்ந்த ஆட்களையும் பவுல் உடன் அழைத்துக்கொள்கிறார். தரும நிதியின் கணக்கு எழுதுவோர் இரண்டாம் கொரிந்தியரின் எட்டாம் அதிகாரத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் படித்தால் நன்று.

இவையெல்லாம் பழங்கதை என்று தோன்றினால், பந்தலூர் ஆரவாரத்திற்குச் சற்று முன்னர் தமிழகம் இருந்த நிலையைப் பார்க்கலாம். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை உலுக்கியது. சென்னை மாகாணத்தில் மட்டும் முப்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர். 1877இல் நிவாரண வேலை செய்த ஆடவனுக்கு அரசாங்கம் ஒரு காலத்தில் வகுத்த கூலி நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். அவ்வாண்டில் லண்டன் மேயரின் வேண்டுகோளுக்கிணங்க ஆங்கிலேய மக்கள் ஆறு லட்சம் பவுண்டுக்கு மேல் பஞ்ச நிதிக்கு அளித்தனர். அது மெய்யான இரக்கம். அதனைக் குறைத்துப் பேசுதல் தகாது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் அதே லண்டனில் வயநாட்டுப் பொன்னுக்காக எழுதப்பட்ட மூலதனம் 40 லட்சம். இது பெயரளவுத் தொகையே, முழுவதும் செலுத்தப்பட்டதன்று; ஆகையால் இவ்விரு எண்களையும் தராசின் இரு தட்டில் வைப்பது சரியன்று. ஆனாலும் இரண்டையும் ஒருங்கே படிக்கையில் மனம் சற்று நின்றுவிடுகிறது.

அப்பஞ்சத்தின்போது மாயூரத்தில் ஒருவர் வாழ்ந்தார். 1826இல் குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து ஓய்வு பெற்ற வேதநாயகம் பிள்ளை அவர்களே அவர். தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஆசிரியர் என்றே அவரை நாம் பெரிதும் அறிவோம். அந்நூல் வெளிவந்ததும் 1879இல்தான். பிரவ் ஸ்மித் வயநாட்டுக்கு வந்த அதே ஆண்டு. பஞ்ச காலத்தில் அவர் தம் சேமிப்பைக் கரைத்துக் கஞ்சித் தொட்டி திறந்து பசித்தவருக்கு உணவளித்தார். சாதியோ சமயமோ பார்க்கவில்லை. சைவப் பற்று மிகுந்த கோபாலகிருஷ்ண பாரதியாரே அக்கொடையை வியந்து அவரைப் பாடினார் எனின், வேறு சான்று வேண்டுமோ? பாகப்பிரிவினை வழக்குகளை நெடுங்காலம் விசாரித்த முன்சீப் அவர். ‘என் பங்கு’ என்னும் சொல்லை அவர் எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்பார்! லூக்காவின் உவமை அவர் காதில் நமக்கு ஒலிப்பதினும் வேறாக ஒலித்திருக்க வேண்டும்.

வேதநாயகம் பிள்ளைக்குக் கொடுக்கச் சேமிப்பு இருந்தது. சேமிப்பே இல்லாதவர் என் செய்வர்? தென்னாட்டுத் திருச்சபைகளில் நெடுநாளாக வழங்கிவரும் கைப்பிடி அரிசி என்னும் முறை இதற்கு விடையாக அமைந்தது. இல்லத்தரசி உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன் ஒரு பிடி எடுத்து வேறொரு கலயத்தில் போட்டு வைப்பாள். நாளுக்கு இருமுறை உலை வைத்தால் வாரத்திற்குப் பதினான்கு பிடி. ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போய்ச் சேரும். ஏழைகளுக்கோ ஊழியத்திற்கோ பயன்படும். இதன் நுட்பம் யாதெனின், அப்பிடி சோறு மீந்தபின் எடுப்பதன்று. சோறாகு முன்னரே எடுப்பது. களஞ்சியம் நிறைந்து வழிந்தபின் கொடுக்கலாம் என்று காத்திருப்போர்க்குக் கொடுக்கும் நாள் வருவதேயில்லை, ஏனெனின் அதற்குள் பெரிய களஞ்சியம் ஒன்று கட்டப்பட்டுவிடும். கலயத்தில் விழும் பிடிக்கு அத்தகைய ஆபத்து இல்லை.

இத்தகைய சிறு காணிக்கைகளைக் கொண்டு பெருஞ்செயல் தொடங்கியவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்த இவர் 1902இல் யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தம் சொந்தப் பணத்தால் பிற இடங்களுக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டு நாணினார். அயல்நாட்டார் அனுப்பும் பணத்தையே எதிர்பார்த்திருக்கும் திருநெல்வேலிச் சபையும் கொடுக்கக் கற்க வேண்டும் என்று எண்ணினார். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. அதன் ஊழியம் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் தொடங்கிற்று. 1912இல் அசரியா அங்கே பேராயரானார்; கிறிஸ்தவ ஈகையைப் பற்றித் தனி நூலும் எழுதினார். அவர் சபையில் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள். அவர்களைக் கொடுக்கச் சொல்வது கொடுமை என்று சிலர் கருதியதுண்டு. பெறுவதற்கு மட்டுமே தகுதியுடையவன் என்று ஒருவனை ஒதுக்கி வைப்பது அதனினும் கொடுமை என்பது அசரியாவின் நடைமுறையிலிருந்து நாம் பெறும் விடை. கொடுப்பவன் தலை நிமிர்கிறான். கொடுக்கத் தன்னிடமும் ஏதோ உண்டு என்று அவன் அறிந்துகொள்ளும்போது அவன் செல்வன் ஆகிறான். மெய்யான செல்வம் என்று கிறிஸ்து சமயம் பேசுவதை மண்ணில் கால் ஊன்றி விளக்க இதனினும் நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மீண்டும் பந்தலூருக்கு வருவோம். பொன் போனது; தேயிலை வந்தது. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாகத் தாயகம் திரும்பலாயினர். அவர்களுக்கு வாழ்வளிக்கும் பொருட்டு 1968இல் தமிழக அரசு தேயிலைத் தோட்டங்களை அமைக்கத் தொடங்கியது. பின்னர் அது தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. பந்தலூர், சேரம்பாடி, நெல்லியாளம் ஆகிய இடங்களில் அவர்கள் குடியேறினர். தலைமுறை தலைமுறையாக அயல்நாட்டில் உழைத்து, ஒரு தகரப்பெட்டியோடு திரும்பியவர்கள் அவர்கள். கழகம் பின்னாளில் நட்டத்தில் ஆழ்ந்ததும், குடியிருப்பு வீடுகளுக்காக அத்தொழிலாளர் மன்றாடி வருவதும் நாடறிந்தவை. பழைய சுரங்கங்களுள் இரகசியமாக நுழைந்து கல் பெயர்ப்போர் இன்றும் உளர் என்பதும், சிலர் அதில் உயிரிழந்ததும் செய்தித்தாள்களில் வந்ததுண்டு. அவர்களைப் பேராசைக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிளியோனெக்சியா என்ற சொல் லண்டன் பங்குச் சந்தைக்குப் பொருந்தும், இவர்களுக்குப் பொருந்தாது.

இத்தகைய தேயிலை மலைகளிலுள்ள சிறு தேவாலயங்களில் ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகை நடைபெறும். தேயிலைக் கொழுந்து பறிப்போருக்குச் சொந்த வயல் ஏது, அறுவடை ஏது? லயத்தின் கொல்லையில் விளைந்த பூசணி, சௌசௌ, வாழைத்தார், வளர்த்த கோழி, இட்ட முட்டை என்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டு வந்து பீடத்தின் முன் வைப்பர். வழிபாடு முடிந்ததும் அவை ஏலத்துக்கு வரும். ஒரு முட்டைக்குக் கடையில் விற்பதைப் போல் பத்து மடங்கு விலை ஏறுவதும் உண்டு. சில வேளைகளில் இது வீண் பெருமைக்கும் இடங்கொடுக்கும் என்பதை மறுக்க முடியாது. கூட்டத்துக்காகக் குரல் உயர்த்துவோர் எங்கும் உளர். ஆனால் ஏலம் எடுத்தவர் பலர் பொருளை வீட்டுக்குக் கொண்டு செல்வதில்லை. அதே பூசணியை மறுபடியும் மேசைமேல் வைத்துவிடுகின்றனர். அது மறுபடியும் ஏலம் போகிறது. கையில் அன்று காசில்லாதவர் தொகையைச் சொல்லிப் பெயரை எழுதிக்கொள்ளச் செய்கிறார். சம்பள நாளில் வந்து கட்டிவிட்டுப் போகிறார்.